கம்பெனி கேட்டோடு நின்றுபோன சட்டம்

பணியிடப் பாகுபாட்டுக்கு எதிராக, வேலையில் இருக்கிற, வேலை தேடுகிற, வேலையை இழந்த மாற்றுத்திறனாளிகள் முன்வைக்கும் கோரிக்கைச் சாசனம்

ஒன்றிய அரசுக்கு, தமிழ்நாடு அரசுக்கு, வேலை தருகிறவர்களுக்கு, தொழிற்சங்கத் தோழர்களுக்கு:

இந்தச் சாசனத்தை எழுத நாங்கள் கூடியது ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில். மாடியில் மேடையும் மைக்கும் நல்ல நாற்காலிகளும் இருந்தன. லிஃப்ட் இல்லை. அதனால் கீழேயே உட்கார்ந்தோம். காலைப் பந்தி முடிந்து துடைத்த மேசைகளில் ஈரம் காயவில்லை. சக்கர நாற்காலியில் மூவர், ஊன்றுகோலோடும் காலிப்பரோடும் சிலர், பார்வையற்றவர்கள் ஐந்து பேர். காது கேளாத தோழர்களுக்குச் சைகையில் சொன்னது அவர்களில் ஒருவருடைய அக்கா. அரசு அலுவலகத்தில் இருப்பவர், பனியன் கம்பெனியில் செக்கிங் பார்ப்பவர், ஐ.டி. கம்பெனிக்காரர், பி.எட். முடித்துப் பத்து வருஷமாக வேலை தேடுபவர் என்று பல தரப்பட்டவர்கள். மனநோய்க்கு மருந்து எடுத்துக்கொள்ளும் ஒருவர், தன் பெயரை வருகைப் பதிவேட்டில் எழுத வேண்டாம் என்றார். எழுதவில்லை.

அரசு வேலையில் இருப்பவர்கள் பேசும்போது, "சட்டப்படி தரணும், தர மாட்டேங்கிறாங்க" என்றார்கள். கம்பெனிகளில் இருப்பவர்கள், "எங்களுக்கு எந்தச் சட்டம்?" என்று கேட்டார்கள். இந்தச் சாசனத்தின் பெரும்பகுதி அந்த இரண்டாவது கேள்வியிலிருந்து வந்தது.

சட்டம் இருக்கிறது. முதலில் 1995-ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. பிறகு 2007-இல் ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை இந்தியா ஏற்றது. அதை ஒட்டி 2016 டிசம்பரில் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பிறந்தது. 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. பழைய சட்டத்தில் ஏழு வகையாக இருந்த ஊனங்கள் புதிய சட்டத்தில் இருபத்தொன்றாயின. அதில் எங்களுக்கு மிகப் பெரியதாகத் தெரிகிற வரி, பாகுபாடு என்றால் என்ன என்று சொல்லும் வரி. ஒருவரைத் தள்ளிவைப்பது மட்டுமே பாகுபாடு என்று அது நிறுத்திக்கொள்ளவில்லை. வேலை பார்க்கத் தேவையான தக்க வசதியைச் செய்து தர மறுப்பதும் பாகுபாடே என்கிறது. தக்க வசதி என்று நாங்கள் சொல்வது, ஒரு மாற்றுத்திறனாளி மற்றவர்களுக்குச் சமமாக வேலை பார்க்கத் தேவைப்படும் மாற்றத்தை, செய்து தருகிறவருக்குத் தாங்க முடியாத சுமை ஆகாத அளவில் செய்து தருவது.

இதுவரை சரி. பிரிவு 20-க்கு வாருங்கள். வேலையில் பாகுபாடு காட்டக் கூடாது. தக்க வசதி தர வேண்டும். ஊனத்தைக் காட்டிப் பதவி உயர்வை மறுக்கக் கூடாது. பணிக்காலத்தில் ஊனம் ஏற்பட்டால் வேலையை விட்டு அனுப்பக் கூடாது, பதவி இறக்கக் கூடாது. எல்லாம் பொன்னான வரிகள். ஆனால் பெரும்பாலான வரிகள் "அரசு நிறுவனம்" என்றே பேசுகின்றன. குறைதீர் அலுவலர் வேண்டும், புகாரை இரண்டு வாரத்தில் விசாரிக்க வேண்டும் என்னும் பிரிவு 23-ம் அரசு நிறுவனத்துக்குத்தான். தனியாருக்கு என்ன? சம வாய்ப்புக் கொள்கை என்று ஒரு தாளை எழுதி மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் பதிவு செய்ய வேண்டும். வேலையாட்களில் ஐந்து சதவீதமாவது மாற்றுத்திறனாளிகளாக இருக்கும்படி அரசு அவர்களுக்குச் சலுகை கொடுத்து ஊக்குவிக்கலாம், அதுவும் அரசின் பொருளாதார வசதியைப் பொறுத்து. பாகுபாடு கூடாது என்னும் பொதுவான பிரிவு 3 தனியாரையும் சேர்த்துத்தான் பேசுகிறது என்பது எங்களுக்குத் தெரியும். ஆனால் அது தலைவாசலில் கட்டிய மாவிலைத் தோரணம் மாதிரி. உள்ளே கதவு, தாழ்ப்பாள், காவலாள் எதுவும் இல்லை.

இந்த நாட்டில் வேலை பார்க்கும் மாற்றுத்திறனாளிகளில் மிகப் பெரும்பாலோர் அரசுச் சம்பளம் வாங்குகிறவர்கள் இல்லை. 2011 கணக்கெடுப்புப்படி இந்தியாவில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள்; தமிழ்நாட்டில் ஏறத்தாழ 11.8 லட்சம். நாடு முழுவதும் அவர்களில் ஏதாவது ஒரு வேலை பார்ப்பவர்கள் 36 சதவீதம்தான். கணக்குப் பழையது, பழைய சட்டத்தின் காலத்துக் கேள்வித்தாளை வைத்து எடுத்தது என்றாலும், கையில் இருக்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அதுதான்.

1. தனியார் நிறுவனங்களையும் பிரிவு 20-க்குள்ளும் 23-க்குள்ளும் கொண்டு வாருங்கள்.

"தனியாரை எப்படிக் கட்டாயப்படுத்துவது?" என்று கேட்காத அதிகாரியை நாங்கள் பார்த்ததில்லை. பணியிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் தொல்லையைத் தடுக்க 2013-இல் வந்த சட்டம், பத்துப் பேர் வேலை பார்க்கும் இடமாக இருந்தாலே உள்ளகக் குழு வேண்டும் என்கிறது. தனியார், அரசு என்று பிரித்துப் பார்க்கவில்லை. எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் வேலையில் பாகுபாடு காட்டுவதைத் தடுத்த 2017-ஆம் ஆண்டுச் சட்டமும் அப்படித்தான். அவர்களுக்கு முடிந்தது எங்கள் விஷயத்தில் ஏன் முடியாது? 2016-இல் நாடாளுமன்றத்தின் கை எங்கே நடுங்கியது என்று ஊகிப்பது கஷ்டமில்லை. அந்த நடுக்கத்துக்கு வயது பத்தை நெருங்கிவிட்டது. போதும்.

ஒன்றிய அரசு சட்டத்தைத் திருத்தும் வரை தமிழ்நாடு கைகட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. தொழிலாளர் நலம் பொதுப் பட்டியலில் இருக்கிறது. 2021-இல் ஜவுளிக்கடை, நகைக்கடை ஊழியர்கள் நாள் முழுக்க நின்று கால் வீங்கிப் போவதைப் பார்த்து, கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, உட்கார இருக்கை தர வேண்டும் என்று இந்த மாநிலம்தான் சட்டம் செய்தது. அதே சட்டத்தில் இன்னொரு பிரிவைச் சேருங்கள்: ஊனத்தைக் காரணம் காட்டி வேலை மறுப்பதும், கூலியைக் குறைப்பதும், தக்க வசதி தர மறுப்பதும் குற்றம் என்று.

2. தக்க வசதி கேட்டால் பதினைந்து நாளில் எழுத்தில் பதில் வேண்டும். செலவு எங்கள் தலையில் விழக் கூடாது.

எங்களில் ஒருவர், இளம்பிள்ளைவாதத்தால் வலது கால் சூம்பியவர், பனியன் கம்பெனியில் ஃபைனல் செக்கிங்கில் இருந்தார். டியூப்லைட் தொங்கும் உயரமான மேசை. பீஸ் வரும், விரித்துப் பார்த்து, ஓட்டை, கறை, தையல் விட்டது எல்லாவற்றுக்கும் ஸ்டிக்கர் ஒட்டித் தள்ள வேண்டும். காலை எட்டரைக்கு நின்றால் இரவு எட்டு மணி. அவர் கேட்டது ஒரு உயரமான ஸ்டூல். சூப்பர்வைசர் சொன்ன பதிலை அவர் வார்த்தையிலேயே தருகிறோம்: "உனக்குக் குடுத்தா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க." ஸ்டூல் வரவில்லை. நாலு மாதத்தில் இடுப்பு வலியோடு அவரே நின்றுவிட்டார். கம்பெனிக் கணக்கில் அவர் "தானாக விலகியவர்."

எல்லோரும் கேட்டால்தான் என்ன? நின்று வேலை பார்க்கும் தொழிலாளிக்கு இடையிடையே உட்கார வசதி வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே எழுதியிருந்தது. எங்களுக்காகக் கேட்கும் பல வசதிகள் எல்லோருக்கும் உதவுகிறவைதான். அந்த ஸ்டூலின் விலை அவருடைய இரண்டு மூன்று நாள் கூலிக்கு மேல் போகாது.

பெரும்பாலான வசதிகள் இந்த அளவில்தான் இருக்கின்றன. வருகைப் பதிவு மெஷினை ஓரடி இறக்கி மாட்டினால் சக்கர நாற்காலிக்காரருக்குக் கை எட்டும். தொழுநோயிலிருந்து குணமானவர்களில் பலருக்கு ரேகை தேய்ந்திருக்கும், விரலே இராது. கைரேகை வைத்தால்தான் சம்பளம் என்றால் அவர்கள் தினமும் மெஷின் முன்னால் நின்று அவமானப்பட வேண்டியதுதான். அட்டையோ கையெழுத்தோ வைத்துக்கொள்ளுங்கள். தீ எச்சரிக்கை மணி காது கேளாதவருக்குக் கேட்காது. மணியோடு ஒரு சிவப்பு விளக்கும் மின்னட்டும். கணினித் திரையைப் படித்துக் காட்டும் என்.வி.டி.ஏ. மென்பொருள் இலவசம். காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை, ஏற்றிக்கொள்ள அனுமதி போதும். ஆனால் "செக்யூரிட்டி பாலிசி" என்று சொல்லி அதைத் தடுத்து வைத்து, மூன்று மாதம் பார்வையற்ற ஊழியரைச் சும்மா உட்கார வைத்து, பிறகு "வேலையில் முன்னேற்றம் இல்லை" என்று எழுதி அனுப்பிய கம்பெனியும் உண்டு.

இந்தச் சட்டத்துக்கான 2017 விதிகளில் மூன்றாவது விதி நல்ல விதி. இருபது பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் தனியார் நிறுவனத்துக்கும் அது பொருந்தும். பாகுபாடு என்று புகார் வந்தால் நிறுவனத் தலைவர் ஒன்று நடவடிக்கை எடுக்க வேண்டும், அல்லது தான் செய்தது ஏன் நியாயம் என்று எழுத்தில் சொல்ல வேண்டும். வசதிக்கான செலவில் ஒரு பங்கைக்கூட மாற்றுத்திறனாளியைக் கட்டச் சொல்லக் கூடாது. இப்படி ஒரு விதி இருப்பது எங்களில் பாதிப் பேருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. மனிதவளத் துறைகளில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று பந்தயம் கட்ட நாங்கள் தயாராக இல்லை.

ஆகவே: அந்த விதி எல்லாப் பணியிடங்களிலும் தமிழில், பெரிய எழுத்தில் ஒட்டப்பட வேண்டும். வசதி கேட்பதற்கு ஒரு பக்கப் படிவம் வேண்டும். பதினைந்து நாளில் பதில் வராவிட்டால் மறுத்ததாகவே கொள்ள வேண்டும். பத்துப் பேரை வைத்துப் பட்டறை நடத்துகிறவரின் நிலை எங்களுக்குப் புரிகிறது. சாய்தளம் கட்டவும் கழிப்பறையை மாற்றவும் அவருக்கு மாநில அரசு ஒரு நிதி வைத்து உதவட்டும். சில ஆயிரம் பேரை வைத்திருக்கும் ஏற்றுமதி நிறுவனம் அந்த வரிசையில் வந்து நிற்கக் கூடாது.

3. வாசலிலேயே வடிகட்டுவதை நிறுத்துங்கள்.

"எப்படி வந்தீங்க? தினமும் யார் கூட்டிட்டு வருவாங்க? இந்தக் காலோட டார்கெட் முடிப்பீங்களா? கல்யாணம் ஆயிடுச்சா?" நேர்முகத் தேர்வில் எங்களைக் கேட்ட கேள்விகளை எழுதச் சொன்னோம், ஒரு நோட்டின் நான்கு பக்கம் நிறைந்தது. கல்யாணக் கேள்வி பெண்களிடம் மட்டுமே கேட்கப்பட்டிருந்தது. வேலையைப் பற்றிய கேள்வி அந்த நான்கு பக்கத்தில் நாலைந்துதான்.

விளம்பரத்திலேயே வடிகட்டுவது தனிக் கலை. கணக்கு எழுதும் வேலைக்கு "டூவீலர் ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும்." தொலைபேசியில் பேசும் வேலைக்கு "நல்ல தோற்றம்." வேலைக்கு உண்மையிலேயே தேவையில்லாத உடல் தகுதியை விளம்பரத்தில் போடுவதைத் தடை செய்யுங்கள். வேலை உறுதியான பிறகே மருத்துவப் பரிசோதனை. அதிலும் அந்த வேலைக்குத் தேவையானதை மட்டும்.

நீதித்துறையிலேயே இந்தக் கதை நடந்தது, அதுவும் தமிழ்நாட்டில் தொடங்கியது. உரிமையியல் நீதிபதி பணிக்குப் பார்வை, செவித்திறன் குறையுள்ளோரில் 40 முதல் 50 சதவீதம் ஊனம் உள்ளவர்கள் மட்டும் விண்ணப்பிக்கலாம் என்று வரம்பு வைத்தார்கள். 70 சதவீதப் பார்வைக் குறையுள்ள வழக்கறிஞர் சுரேந்திர மோகன் வழக்குப் போட்டார். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்த வரம்பு சரி என்றது. இரண்டே ஆண்டு. 2021 பிப்ரவரியில், எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் நோயுள்ள ஒருவர் குடிமைப் பணித் தேர்வில் தனக்காக எழுத ஆள் கேட்ட விகாஷ் குமார் வழக்கில், தக்க வசதி என்ற கோட்பாட்டையே கணக்கில் எடுக்காத அந்தப் பழைய தீர்ப்பை முன்மாதிரியாகக் கொள்ள முடியாது என்று அதே நீதிமன்றம் சொன்னது. தக்க வசதி கேட்க 40 சதவீதச் சான்றிதழ் தேவையில்லை என்பதையும் அந்தத் தீர்ப்பு தெளிவாக்கியது. 2025 மார்ச் 3 அன்று, பார்வைக் குறையை மட்டும் காரணம் காட்டி யாரையும் நீதிபதி பணிக்குப் பரிசீலிக்காமல் ஒதுக்கக் கூடாது என்று தீர்ப்பு வந்து, மத்தியப் பிரதேசத்தின் விதி அடிபட்டது. கண் தெரியாதவர் ஒரு வழக்கை விசாரித்துத் தீர்ப்பு எழுதலாம் என்றால், சீட்டு நிறுவனத்தில் கணக்குப் பார்க்க முடியாதா?

40 சதவீத விஷயத்தை அழுத்திச் சொல்கிறோம். இட ஒதுக்கீட்டுக்குத்தான் 40 சதவீதம். பாகுபாட்டுக்கு எதிரான பாதுகாப்பு 35 சதவீதக்காரருக்கும் உண்டு. மாற்றுத்திறனாளிகளுக்கான யு.டி.ஐ.டி. அடையாள அட்டை இல்லை என்று சொல்லிப் புகாரைத் திருப்பி அனுப்பக் கூடாது.

4. வேலையில் இருக்கும்போது ஊனம் வந்தால் வேலை போகக் கூடாது. எந்த நிறுவனமாக இருந்தாலும்.

அரசு ஊழியருக்கு இது 1995-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே இருக்கிறது. பணியில் அடிபட்டுக் காலை இழந்த காவலரை மருத்துவக் காரணம் காட்டி அனுப்பியபோது, அது செல்லாது என்று 2003-இல் குணால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பார்த்த வேலையைப் பார்க்க முடியாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு வேலை. வேறு வேலை இல்லாவிட்டால் அவருக்கென்றே கூடுதல் பணியிடம். இத்தனை ஆண்டுக்குப் பிறகும் அரசுப் போக்குவரத்துக் கழகங்களுக்கு இது உறைக்கவில்லை. நிறக்குருடு என்று வேலையை விட்டு அனுப்பப்பட்ட ஒரு பேருந்து ஓட்டுநர் உச்ச நீதிமன்றம் வரை போய், 2025 ஆகஸ்டில்தான் தெலங்கானா அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் மாற்று வேலைக்கு உத்தரவு வாங்கினார்.

பவர் பிரஸ்ஸில் மூன்று விரலைக் கொடுத்த தொழிலாளிக்கு அந்த வழியும் இல்லை. ஈ.எஸ்.ஐ.யில் ஊனத்துக்கான பணப்பயன் வரும், வேலை வராது. கட்டு அவிழ்க்கும் முன்பே "செட்டில்மென்ட்" பேச ஆள் வந்துவிடும். முத்திரைத்தாளில் கையெழுத்து வேண்டும், வலது கைக்காரர் இடது கட்டைவிரலை உருட்டுவார். எங்கள் கூட்டத்தில் இருந்த ஒருவருக்கு நடந்தது இது. அந்த மெஷினின் பாதுகாப்புத் தடுப்பை உற்பத்தி வேகத்துக்காகக் கழற்றி வைத்திருந்தது யார் என்ற கேள்வி அந்தப் பத்திரத்தில் இல்லை.

பணிக்காலத்தில் ஊனமுற்றவரோடு ஆறு மாதத்துக்குள் போடப்படும் எந்த விலகல் ஒப்பந்தமும் செல்லாது என்று சட்டமாக்குங்கள். மாற்று வேலை தேடிப் பார்த்ததற்கான ஆவணத்தை நிறுவனம் காட்டட்டும்.

5. வெளியே தெரியாத ஊனத்தையும் கணக்கில் எடுங்கள்.

பெயர் எழுத வேண்டாம் என்றவர் கேட்டது இவ்வளவுதான்: இரவு மருந்து காலையில் அசத்துகிறது, ஒன்பது மணி ஷிஃப்டைப் பத்து மணியாக மாற்றிக் கொடுங்கள். காரணம் சொல்ல வேண்டியதாயிற்று. மறுவாரம் கேன்டீனில் அவர் பக்கத்தில் உட்கார ஆள் இல்லை.

மனநோய், கற்றல் குறைபாடு, ஆட்டிசம், ஹீமோபிலியா, பார்க்கின்சன் எல்லாம் அந்த இருபத்தொன்றில் அடங்கியவை. மருத்துவ விவரம் ஒரே ஒரு பொறுப்பாளரிடம் மட்டும் இருக்க வேண்டும்; வெளியே கசிந்தால் தண்டனை வேண்டும். மனநோயின் விளைவான நடத்தைக்காக ஒழுங்கு நடவடிக்கையைப் பாய்ச்சும் வழக்கமும் நிற்க வேண்டும். மத்திய ரிசர்வ் போலீஸ் படை அதிகாரி ஒருவரின் வழக்கில் (ரவீந்தர் குமார் தாரிவால், 2021 டிசம்பர்), நடவடிக்கைக்கு ஊனம் ஒரு காரணமாக இருந்தாலே அது பாகுபாடுதான் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

6. அரசு தன் வீட்டை முதலில் பெருக்கட்டும்.

நான்கு சதவீத ஒதுக்கீடு: பார்வைக்கு ஒன்று, செவிக்கு ஒன்று, கை கால் இயக்கத்துக்கு ஒன்று, மிச்சம் ஒன்றை ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகை ஊனம் எல்லாம் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். இந்தக் கடைசி ஒன்று ஏட்டில் மட்டும் இருக்கிறது. தகுந்தவர் கிடைக்கவில்லை என்று சொல்லித் தள்ளிப்போட்ட பின்னடைவுப் பணியிடங்கள் எத்தனை என்று துறைவாரியாக வெள்ளை அறிக்கை வெளியிடுங்கள். பதவி உயர்விலும் ஒதுக்கீடு உண்டு என்று சித்தராஜு (2020), லீசம்மா ஜோசப் (2021) வழக்குகளில் முடிந்துபோன விஷயத்தை மறுபடி மறுபடி கோப்பில் சுற்றவிடாதீர்கள்.

அதைவிட முக்கியமானது ஒன்று. நிரந்தரப் பணியிடம் வெளிமுகமைக்குப் போகும்போது நான்கு சதவீதமும் அதோடு போய்விடுகிறது. காவலாளி, கணினி இயக்குபவர், உதவியாளர், தூய்மைப் பணியாளர் எல்லாம் ஒப்பந்தக்காரரின் ஆட்கள் ஆன பிறகு எங்கள் பங்கு யாரிடம் கேட்பது? அரசுப் பணம் போகும் ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் நான்கு சதவீதத்தை நிபந்தனையாக எழுதுங்கள்.

7. கட்டடமும் காகிதமும்.

இருக்கும் கட்டடங்களை ஐந்து ஆண்டுக்குள் தடையற்றதாக மாற்ற வேண்டும் என்று சட்டம் வைத்த கெடு 2022-இல் முடிந்துவிட்டது. விதி 15-இல் இருந்த தரநிலைகள் வெறும் பரிந்துரை மாதிரி இருக்கின்றன, சட்டத்துக்கே முரண் என்று 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை அடித்து, கட்டாயத் தரநிலை வகுக்கச் சொன்னது. நாங்கள் பார்க்கும் அலுவலகங்களில் சாய்தளம் பெரும்பாலும் இருக்கிறது. சறுக்குமரம் மாதிரி செங்குத்தாக, அடியில் இரண்டு பைக் நிறுத்தியபடி. மாற்றுத்திறனாளிக் கழிப்பறையும் இருக்கிறது; கதவில் பூட்டு, உள்ளே பழைய கோப்புக் கட்டும் பினாயில் கேனும். சாவி வைத்திருப்பவர் விடுப்பில் இருப்பார். ஒரு பெண் ஊழியர் அலுவலக நேரத்தில் தண்ணீரே குடிப்பதில்லை என்று சொன்னபோது, அதை எந்தப் பிரிவின் கீழ் எழுதுவது என்று எங்களுக்குத் தெரியவில்லை. இங்கே எழுதிவிட்டோம்.

காகிதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தமிழ்நாடு அரசு 2010-லேயே யூனிகோடை ஏற்று ஆணை போட்டது. இன்றும் சுற்றறிக்கை வானவில் எழுத்துருவில் தட்டச்சாகி, அச்செடுத்து, கையெழுத்துப் போட்டு, ஸ்கேன் ஆகி, படமாக வாட்ஸ்அப்பில் வருகிறது. திரைபடிப்பானுக்கு அது வெறும் படம். தன் இடமாறுதல் ஆணையைப் பக்கத்து மேசைக்காரர் படித்துச் சொல்லித் தெரிந்துகொள்கிற நிலை எந்த அதிகாரிக்கும் வர வேண்டாம். எல்லா ஆணையும் யூனிகோடு எழுத்தில், படிக்கக்கூடிய கோப்பாக வர வேண்டும். தனியார் நிறுவனங்களின் விடுப்புச் செயலி, சம்பளச் சீட்டு, பயிற்சிக் காணொளி எல்லாவற்றுக்கும் இதே விதி. காணொளிக்கு எழுத்து ஓட வேண்டும், சைகை மொழிபெயர்ப்பாளரை நிறுவனம் தன் செலவில் வைக்க வேண்டும். எங்கள் தோழரின் அக்கா எல்லா இடத்துக்கும் வர முடியாது.

8. மறுத்தால் விலை இருக்க வேண்டும்.

சட்டத்தை மீறினால் முதல் முறை அபராதம் அதிகபட்சம் 10,000 ரூபாய். அடுத்தடுத்த மீறலுக்கு 50,000 முதல் ஐந்து லட்சம் வரை. முதல் முறையைப் பத்தாயிரத்தில் முடித்துக்கொண்டு போக எந்த நிறுவனத்துக்கும் வலிக்காது. அதுவும் அரசு கஜானாவுக்குப் போகும். வேலை இழந்தவருக்கு ஒன்றும் வராது. ஆணையர் விசாரிக்கலாம், ஆளை வரவழைக்கலாம், பரிந்துரைக்கலாம். பரிந்துரையை ஏற்காதவர் ஏற்காத காரணத்தைச் சொன்னால் போதும். பிறகு நாங்கள் உயர் நீதிமன்றப் படியேற வேண்டும். படி என்றால் படியேதான்.

ஆணையரின் உத்தரவு கட்டுப்படுத்தும் உத்தரவாக வேண்டும். வேலைநீக்கத்தை நிறுத்திவைக்கும் இடைக்கால அதிகாரம் வேண்டும். இழந்த சம்பளமும் இழப்பீடும் பாதிக்கப்பட்டவர் கைக்கு வர வேண்டும். ஆணையர் பதவியை வேறு வேலை பார்க்கும் அதிகாரியிடம் கூடுதல் பொறுப்பாகத் தரக் கூடாது. பாகுபாடு நடந்ததற்கான முகாந்திரத்தைத் தொழிலாளி காட்டினால் போதும், நடக்கவில்லை என்று நிரூபிக்க வேண்டியது நிர்வாகம்தான் என்று சட்டத்தில் எழுத வேண்டும். கோப்பு, சிசிடிவி, மின்னஞ்சல் எல்லாம் அவர்களிடம்தானே இருக்கின்றன.

பொதுப் பார்வையில் படும் இடத்தில் இழிவுபடுத்தும் நோக்கோடு அவமதித்தால் ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை என்று பிரிவு 92 சொல்கிறது. கம்பெனிகளில் எங்களுக்கு வைத்திருக்கும் பட்டப்பெயர்களை இங்கே எழுதப் போவதில்லை. படிக்கிற ஒவ்வொருவருக்கும் அதில் ஒன்றாவது தெரியும். மாநிலத்தின் சொல் "ஊனமுற்றோர்" என்பதிலிருந்து "மாற்றுத்திறனாளி" ஆனதை நாங்கள் மதிக்கிறோம். ஷிஃப்டில் கூப்பிடும் சொல் மாறவில்லை.

9. தொழிற்சங்கங்களுக்கு.

தோழர்களே, கோபித்துக்கொள்ள வேண்டாம். கூலி உயர்வு ஒப்பந்தப் பேச்சில் எங்கள் கோரிக்கை எத்தனாவது இடத்தில் வருகிறது? பெரும்பாலும் டீ வந்த பிறகு. சங்க அலுவலகம் மாடியில் இருக்கிறது. ஸ்டூல் கேட்டவரை "தனிப்பட்ட பிரச்சினை" என்று திருப்பி அனுப்பியதும் ஒரு சங்கம்தான். ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் தக்க வசதிக்கு ஒரு பிரிவும், ஒவ்வொரு நிர்வாகக் குழுவிலும் எங்களில் ஒருவரும் வேண்டும். எங்கள் அமைப்புகளிலும் பெண்கள் பேச எழுந்தால் நேரம் முடிந்துவிடும் வழக்கம் இருக்கிறது. அன்றைய கூட்டத்திலேயே பெண்கள் அதைச் சொல்லித்தான் இந்தச் சாசனத்தின் ஏழாம் பகுதியை எழுத வைத்தார்கள்.

10. அரசியல் சட்டத்தில் ஒரு சொல்.

மதம், இனம், சாதி, பால், பிறப்பிடம் ஆகியவற்றை வைத்துப் பாகுபாடு கூடாது என்கிறது பிரிவு 15. அரசு வேலைக்குப் பிரிவு 16 வம்சாவளியையும் இருப்பிடத்தையும் சேர்த்துச் சொல்கிறது. இரண்டிலும் ஊனம் என்ற சொல் இல்லை. ஆண்களுக்கும் பெண்களுக்கும் சமக் கூலி பேசும் 2019-ஆம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பிலும் பாலின அடிப்படையிலான பாகுபாடு மட்டுமே இருக்கிறது. ஊனத்தைக் காட்டிக் கூலியைக் குறைப்பது பற்றி அதில் பேச்சில்லை. மூன்று இடத்திலும் அந்தச் சொல்லைச் சேர்க்க வேண்டும்.

இந்தச் சாசனம் கையில் கிடைத்த அறுபது நாளுக்குள் ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனித்தனியாகப் பதில் எதிர்பார்க்கிறோம். விதிப்படி எங்கள் புகாருக்கு ஆணையர் எடுத்துக்கொள்ள வேண்டிய காலமும் அதுதான். பேச்சுவார்த்தைக்கு அழைப்பதாக இருந்தால் தரைத்தளத்தில் அறை பாருங்கள், சைகை மொழிபெயர்ப்பாளரை நீங்களே ஏற்பாடு செய்யுங்கள், கழிப்பறைச் சாவியை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். பதில் கடிதத்தை யூனிகோடு எழுத்தில் அனுப்புங்கள். கையெழுத்துப் போட்டு ஸ்கேன் செய்த படமாக வந்தால், எங்களில் ஐந்து பேருக்கு இன்னொருவர் படித்துக் காட்ட வேண்டியிருக்கும்.